எருமப்பட்டியில் பூத் இல்லாத தேர்தல்

பேரூராட்சித் தேர்தல் வந்தால் எருமப்பட்டித் தெருக்கள் அலறும். மாநிலங்களவைத் தேர்தல் வந்தால் சத்தமே இருக்காது. அது எம்.எல்.ஏ.க்கள் சமாச்சாரம்தானே!

சரி, அந்த எம்.எல்.ஏ.வை அனுப்பியது யாராம்?

தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 6 காலியாகும். போட்டி வந்து 234 பேரும் ஓட்டுப் போட்டால், முதல் விருப்ப ஓட்டு 34 கிடைத்தவருக்கு வெற்றி.

2003 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு இதில் ரகசியமும் கிடையாது. கட்சி எம்.எல்.ஏ. தன் ஓட்டைக் கட்சி ஏஜென்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். விலைபோவதைத் தடுக்கவாம்; 2006இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதியையும் அதே திருத்தம் எடுத்துவிட்டது.

ஆக, அந்த ஓட்டைக் கட்சி பார்க்கலாம். ஊர் பார்க்க முடியாது. சட்டமன்றத் தேர்தலில் பொத்தானை அமுக்கும் எருமப்பட்டிக்காரர் இரண்டு அவைகளுக்கு ஆள் அனுப்புகிறார். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதையும் கேட்டு வைப்பது நல்லது.