சுவருக்குள் ஒரு பெட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் உண்டு. அதன் விளிம்பில், நடைபாதை ஒன்றை ஒட்டிச் செல்லும் பழைய கல்சுவரின் இடுக்கில், சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் எங்கள் முதல் பெட்டியை ஒளித்து வைத்தோம். சாப்பாட்டு டப்பா அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி அது. உள்ளே ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், குழந்தைகள் விரும்பக்கூடிய சில சிறு பொருட்கள். அந்தப் பெட்டியால் ஒரு சுவர் சரிந்த கதையைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

ஜியோகேச்சிங் எனப்படும் இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒருவர் பெட்டியை ஓரிடத்தில் மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியின் துணையோடு அதைத் தேடிக் கண்டுபிடித்து, குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்ப வேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான இன்னொன்றை வைக்க வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை மறைத்து வைத்து இதைத் தொடங்கிவைத்தார்.

டார்ட்மூருக்கோ இந்தப் பழக்கம் அதைவிட மூத்தது. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்குள்ள கிரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதில் இட்டுச் சென்றார்கள். அதிலிருந்து 'லெட்டர்பாக்ஸிங்' என்ற மரபு வளர்ந்தது. அந்த மரபு தோன்றிய மண்ணிலேயே பெட்டி வைக்கிறோம் என்ற பெருமிதம் எங்களுக்கு இருந்தது. ஆனால் அந்த மரபினர் வகுத்துக்கொண்ட நெறிகளில், சுவர்களிலும் கற்குவியல்களிலும் பழங்காலச் சின்னங்களிலும் பெட்டி வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பெருமிதப்பட்ட நாங்கள் அதைப் படித்திருக்கவில்லை.

நில உரிமையாளரின் அனுமதி பெறுவது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. பாதை பொதுப்பாதைதானே என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். தேடுவோருக்குத் துப்பு எதுவும் தரவில்லை. எளிதில் கிடைக்காததே சிறந்த பெட்டி என்று நினைத்திருந்தோம். "முக்கால் மணி நேரம் தேடினோம்" என்று யாராவது பதிவிட்டால் மகிழ்ந்து சிரித்தோம். அந்த முக்கால் மணி நேரமும் அவர்களுடைய கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஒரு வசந்தகாலத்தில், சுவர் சரிந்திருப்பதாக யாரோ எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தோம். ஏறத்தாழ பத்தடி நீளத்துக்குச் சுவர் வாய் பிளந்து கிடந்தது. ஆடுகள் வெளியேறாதபடி ஒரு முதியவர் அங்கே மரத்தட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டி எங்களுடையது என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "என் அப்பா காலத்திலும் இந்த இடத்தில் கல் விழுந்ததில்லை" என்று மட்டும் சொன்னார்.

காரணம் எளியது. ஜிபிஎஸ் காட்டுவது ஒரு புள்ளியை அல்ல, ஒரு வட்டத்தை. நல்ல வெட்டவெளியிலேயே சில மீட்டர் பிழை இருக்கும். மரங்களுக்கடியில் இன்னும் கூடும். வைத்தவரின் கருவியிலும் பிழை, தேடுபவரின் கருவியிலும் பிழை. ஆகவே வருகிறவர் அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்ப்பார். சாந்து பூசாமல் அடுக்கும் அத்தகைய சுவருக்கு இருபுறமும் பெருங்கற்கள், நடுவே சிறுகற்களின் நிரவல். வெளிக்கல் ஒன்றை உருவினால் நிரவல் சரிகிறது. உருவியவர் கல்லைத் திருப்பி வைத்தாலும் உள்ளே ஏற்பட்ட வெற்றிடம் அப்படியே இருக்கும். வந்தவர்களில் யாரும் முரடர்கள் அல்லர். ஆளுக்கு இரண்டு கற்களை அசைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர்களை அந்தச் சுவரிடம் அனுப்பியவர்கள் நாங்கள்.

அடுத்த சனிக்கிழமை முழுவதும் அந்த முதியவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தோம். உறுதியான வரிசை தெரியும்வரை பிரித்து, பெரிய கற்களை அடியிலும் நீண்டவற்றைக் குறுக்காகவும் வைத்து அவர் கட்டினார். நிரவலைக் கையால் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும், அள்ளிக் கொட்டக் கூடாது என்று கற்றுத் தந்தார். மாலையில், எங்களுக்கு அதைக் கேட்கும் துணிவில்லாதபோது, அவராகவே கேட்டார்: "இனி பெட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள்?"

அவருடன் நடந்துதான் புதிய இடத்தைத் தேர்ந்தோம். இம்முறை எங்களிடம் இருந்த கேள்வி, நூறாவது ஆள் வந்து போன பிறகு இந்த இடம் எப்படி இருக்கும் என்பதே. செடிகள் மிதிபடும் ஈரநிலம் வேண்டாம். பறவைகள் கூடு கட்டும் புதர் வேண்டாம். ஒருவர் தயங்கி நின்றால் வீட்டிலிருப்பவர்கள் அஞ்சக்கூடிய இடமும் வேண்டாம். 2011இல் யார்க்‌ஷயரின் வெதர்பி நகரில், உணவகம் ஒன்றின் வெளியே வைத்த சிறு பெட்டியை வெடிகுண்டு என ஐயுற்று, தெருவை மூடி, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து அழித்தார்கள். ஆகவே ஒளிபுகும் பெட்டியாக வாங்கி, மேலே அது என்னவென்று எழுதினோம். உள்ளே உணவுப்பொருள் வைப்பதில்லை. விலங்குகளின் மூக்குக்கு ஜிபிஎஸ் தேவையில்லை. உல்மரின் முதல் வாளியில் ஒரு டப்பா பீன்ஸ் இருந்ததை எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

இறுதியில், சரளைக்கற்கள் பரவிய பாதையோரத்தில், பட்டுப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டைக்குப் பின்னால் பெட்டி அமர்ந்தது. பாதையைவிட்டு இரண்டடிகூட விலக வேண்டியதில்லை. துப்பையும் எழுதினோம்: அடிக்கட்டையின் பின்புறம், சுவரைத் தொட வேண்டாம்.

முதலில் வந்தவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்: "உடனே கிடைத்துவிட்டது. பிறகு வெகுநேரம் உட்கார்ந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்." முன்பாக இருந்தால் அந்த முதல் வாக்கியத்தில் எங்கள் முகம் சுருங்கியிருக்கும். இப்போது அந்த ஏட்டை இருவருமாக இரண்டு முறை படித்துவிட்டு, சுவரை ஒருமுறை நடந்து பார்த்தபின் வீடு திரும்பினோம்.