துத்தநாக வில்லையின் பூர்விகம்

தொலைக்காட்சிப் பெட்டியாயினும் கணினிக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியாயினும், அதைத் திறந்து பார்த்தால், மின்சாரம் உள்ளே புகும் வாயிலருகே, பெரும்பாலும் நீல வர்ணம் பூசிய ஒரு சிறு வில்லை இரண்டு கால்களில் நிற்பதைக் காணலாம். வேரிஸ்டர் எனப்படும் அந்த வில்லை, ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி, அளவுக்கு மிஞ்சி எழும் மின்னழுத்தத்திற்கு வேறு வழி திறந்துவிட்டுப் பின்னாலுள்ள உறுப்புகளைக் காக்கிறது. இன்ன சுற்றுக்கு இன்ன வில்லை என்று தேர்ந்தெடுக்கும் முறை அதன் ஜன்ம விருத்தாந்தத்தை அறிந்தாலன்றி விளங்காது என்று எனக்குப் பட்டமையால், உற்பத்தியாளர்களின் அட்டவணைகளில் தொடங்கிப் பழைய ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் வரை பின்னோக்கிச் சென்றேன்.

முதலில் எதிர்ப்பட்டது மின்கம்பிகளின் இடிதாங்கி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் மக்கீக்ரன் 1930ஆம் ஆண்டு வெளியிட்ட தைரைட் என்னும் பதார்த்தம், சிலிக்கன் கார்பைடு துகள்களால் ஆனது. அழுத்தம் ஏற ஏற அதன் தடை குறையும். ஆயினும் சாதாரண அழுத்தத்திலும் அதன் வழியே மின்சாரம் ஓயாது கசிந்தமையால், அதனோடு ஒரு தீப்பொறி இடைவெளியையும் தொடராகச் சேர்க்க நேர்ந்தது.

அந்தக் குறையைத் தீர்த்த பெருமை ஜப்பானுக்கு உரியது. மட்சுஷிட்டா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் மிச்சியோ மட்சுவோகா, துத்தநாக ஆக்சைடுடன் பிஸ்மத் முதலியவற்றின் ஆக்சைடுகளைச் சொற்பமாகக் கலந்து, உக்கிரமான உஷ்ணத்தில் சுட்டெடுத்த பீங்கானின் அபூர்வ குணத்தை 1971இல் ஒரு பௌதிகச் சஞ்சிகையில் விவரித்தார். அந்தப் பீங்கானில் துத்தநாக ஆக்சைடு மணிகள் நெருக்கமாக அடைந்திருக்க, இரு மணிகள் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையும் சுமார் 3 வோல்ட் வரை மின்சாரத்தைத் தடுத்து நின்று, அதற்குமேல் சட்டென வழிவிடுகிறது.

இதைப் படித்தபின், அட்டவணையில் வெறும் குறியாக இருந்த '14டி431' என்பது எனக்குப் பொருளுடையதாயிற்று. 14 என்பது மில்லிமீட்டரில் வில்லையின் விட்டம். 431 என்பது 43ஐ அடுத்து ஒரு சுன்னம், அதாவது ஒரு மில்லி ஆம்பியர் பாயும் நிலையில் 430 வோல்ட். அந்த வில்லையில் மின்சாரம் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குச் செல்ல ஏறக்குறைய 140 எல்லைகளைக் கடந்தாக வேண்டும். ஆகவே கனம் வோல்ட்டையும், பரப்பு தாங்கும் ஆம்பியரையும் நிர்ணயிக்கின்றன. தேர்வின் சூக்ஷ்மம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இத்தகைய காப்பு வீடுகளுக்கும் வேண்டுமா என்ற ஐயத்தைத் தீர்த்தவர் மின்னழுத்த அலைகளை ஆராய்ந்த பொறியாளர் ஃபிரான்ஸ்வா மார்ட்ஸ்லாஃப். மின்கடிகாரங்கள் தாங்கும் அளவை 2000 வோல்ட்டிலிருந்து 6000 வோல்ட்டாக உயர்த்தியதும் பழுதுகள் நூறில் ஒரு பங்காகக் குறைந்தன என்று அவர் எடுத்துக்காட்டியது, வீட்டுக் கம்பிகளிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுகிறது என்பதற்குப் பிரத்தியக்ஷ சாட்சி.

நமது 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். 431 வில்லை 275 வோல்ட் வரையுள்ள மாறுமின்சாரத்தை நிரந்தரமாகத் தாங்கும். ஆனால் 50 ஆம்பியர் அலை பாயும்போது அதன் இருமுனைகளிலும் 710 வோல்ட் வரை நிற்கக்கூடும் என்பதால், பின்னாலுள்ள டயோடுகள் அதற்குத் தக்கவையாக இருக்க வேண்டும். சில வோல்ட்டில் இயங்கும் நுண்சுற்றுகளுக்கு இந்த வில்லை பொருந்தாது. அங்கே, திடீரென எழும் அழுத்தத்தை அடக்கும் டிவிஎஸ் டயோடே உசிதம்.

இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மைக்ரோ வினாடிகளில் வந்து மறையும் அலைக்காகப் பிறந்தது இந்த வில்லை. நியூட்ரல் அறுந்து, வீட்டில் 400 வோல்ட் நிமிஷக்கணக்கில் நின்றால், அது கொதித்துத் தீப்பற்றவும் கூடும். பேரலைகள் பலவற்றை ஏற்று நலிந்த வில்லைக்கும் இந்த அபாயம் உண்டு. ஆகையால், சாதனங்களைச் செய்வோரும் பழுது பார்ப்போரும் வில்லைக்கு முன்னே ஒரு ஃபியூஸும், வில்லையை ஒட்டி உஷ்ணத்தில் அறுபடும் காப்பு ஒன்றும் வைக்காமல் எந்தப் பெட்டியையும் மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.