ஓய்வுபெற்ற பெட்டிகள் எங்கே போகின்றன?

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

ஓலைத்தொடுவாயில் படிப்பிக்கிற எங்களிடம் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பாடப்புத்தகத்தில் விடை இருக்காது. அப்படி ஒன்றுதான் இது: "சேர், பழைய கோச்சிப் பெட்டியெல்லாம் கடைசியில எங்க போகும்?"

மன்னாரில் பிறந்தவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபோது, சென்னையையும் கொழும்பையும் இணைத்த பாதை எங்கள் தீவின் ஊடாகத்தான் போனது. 1964 டிசம்பர் சூறாவளியில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன கோச்சியைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து வந்துகொண்டிருந்த கப்பலும் 1984 இல் நின்றது. 1990 இல் தலைமன்னார்க் கோச்சி நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களாகிய நாங்களும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தோம். யுத்த காலத்தில் வடக்கின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் கட்டப் போயின. 2015 மார்ச் 14 இல்தான் தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் மறுபடி கோச்சி வந்தது.

சரி, ஓடி முடித்த பெட்டிகளின் கதைக்கு வருவோம்.

சிலவற்றுக்கு இன்னொரு நாட்டில் மறுவாழ்வு கிடைக்கிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஓடும் கால்ட்ரெயின் 2024 இல் மின்சார ரயிலுக்கு மாறியது. அதுவரை ஓடிய மாடிப் பெட்டிகளை அவர்கள் உடைக்கவில்லை. 90 பெட்டிகளும் 19 இன்ஜின்களும் பெரு நாட்டின் லிமா நகருக்கு விற்கப்பட்டன. இது எங்களுக்குப் புதிதா? 1958 இல் இலங்கை போக்குவரத்துச் சபை உருவான பிறகு, லண்டனில் ஓடிக் களைத்த மாடி பஸ்கள் நூற்றுக்கணக்கில் இங்கே வந்தன. அங்கே கழித்தது இங்கே எங்கள் பெரியவர்களை வேலைக்குக் கொண்டுபோனது.

சிலவற்றுக்கு நூதனசாலை கிடைக்கிறது. இலங்கை ரயில் சேவையின் 150 ஆவது ஆண்டில், 2014 டிசம்பரில், கடுகண்ணாவையில் ஒன்று திறந்தார்கள். ஆனால் நூதனசாலையில் எத்தனை பெட்டிக்குத்தான் இடம் இருக்கும்? மிச்சத்தில் பெரும்பகுதி இரும்பு விலைக்குப் போகிறது.

மூன்றாவது வழிதான் கடலோரத்து மனிதர்களான எங்களைத் தொடுவது. நியூயோர்க் நகரம் 2001 முதல் 2010 வரை 2,500 க்கும் மேற்பட்ட சுரங்கரயில் பெட்டிகளை அத்திலாந்திக் கடலில் இறக்கியது. சில்லு, கதவு, கண்ணாடி எல்லாம் கழற்றி, எண்ணெய் துடைத்து, மீன்கள் தங்கும் செயற்கைப் பாராகப் போட்டார்கள். டெலவேர் கரைக்கு அப்பால் சிவப்புப் பெட்டிகள் கிடக்கிற இடத்தில் சிப்பி ஒட்டியது, மீன் கூடியது. ஆனால் பின்னாளில் போட்ட துருப்பிடிக்காத உருக்குப் பெட்டிகள் சில இடங்களில் மாதக்கணக்கிலேயே நொறுங்கிவிட்டன. கனமான பழைய இரும்பு தாங்கியது. பளபளத்த மெல்லிய தகடு தாங்கவில்லை. அதன் பிறகு நியூ ஜேர்சி மாநிலம் இனி வேண்டாம் என்று நிறுத்தியது.

எங்கள் கடலுக்கும் இது வந்தது. 2021 ஜூனில், பாவனைக்கு உதவாத இ.போ.ச. பஸ் கூடுகள் நெடுந்தீவுக்கு அப்பால் இறக்கப்பட்டன. மீன் பெருகும் என்றார்கள் இங்கே. வலை கிழியும், பஸ் அடித்துக்கொண்டு வரும் என்று இராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் எதிர்த்தார்கள். இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டு போவதைப் பார்த்து வயிறெரிந்த எங்கள் சனத்துக்கோ, குறுக்கே ஒரு தடை விழுந்தால் நல்லதுதானே என்ற எண்ணமும் இருந்தது. 2017 இல் சட்டம் போட்டு இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தும், எல்லை தாண்டி வரும் றோலர்கள் நிற்கவில்லையே.

இரண்டு பக்கத்துப் பயத்தையும் நாங்கள் தள்ளிவிட முடியாது. றோலரின் மடியை மறிக்கிற இரும்பு, எங்கள் நண்டு வலையையும் பிடிக்கும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். அங்கே சூறாவளி வந்தால் என்ன நடக்கும் என்று 1964 ஐக் கண்ட முதியவர்களுக்குத் தெரியும். ஒரு முழுக் கோச்சியையே புரட்டிய கடலுக்குத் தகரக் கூடு எந்த மட்டு?

அதனால் பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னது இதுதான். ஒரு பழைய பெட்டி பாராகுமா, குப்பையாகுமா என்பது கடலுக்குள் போகுமுன்பே முடிவாகிவிடுகிறது. அதிலிருந்து என்னென்ன கழற்றினார்கள்? எந்த இரும்பு, எவ்வளவு கனம்? எந்த இடத்தில், எந்த ஆழத்தில் போடுகிறார்கள்? அந்த இடத்தில் வலை போடுகிறவனிடம் கேட்டார்களா? போட்ட இடத்தை அவனுக்கு அடையாளம் காட்டினார்களா? இரண்டு வருடம் கழித்து யாராவது சுழியோடிப் பார்த்தார்களா?

இவற்றில் கடைசி மூன்றும் விஞ்ஞானக் கேள்விகள் மட்டுமில்லை, மரியாதையைப் பற்றியவை. எங்களைக் கேட்காமல் எங்கள் இடத்தை யாரோ முடிவுசெய்வது என்னவென்று 1990 இலிருந்து நாங்கள் அறிவோம். திரும்பி வந்து காணிக்கும் பாட்டுக்கும் அலைந்தவர்கள் இன்னும் நன்றாக அறிவார்கள்.

நாளைக்கு எங்கள் கரைக்கு முன்னாலும் பழைய பஸ்ஸோ பெட்டியோ இறக்குவோம் என்று யாராவது வந்தால், உடனே கைதட்டவும் வேண்டாம், உடனே கொடி பிடிக்கவும் வேண்டாம். மீனவர் சங்கக் கூட்டத்துக்குப் போய் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாசிக்கத் தெரியாத வாப்பாமாருக்கும் அப்பாமாருக்கும் அதை வாசித்துச் சொல்ல எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குத்தானே படிப்பிக்கிறோம்.