மாத்திரையும் மன்றாட்டும்

விசுவாசத்தைக் காப்பது என்றால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சிறுவயதில் மனப்பாடம் செய்த ஞானோபதேசம், நாள் தவறாத செபமாலை, ஞாயிறு திருப்பலி, தவக்காலத்தில் ஒரு பாவசங்கீர்த்தனம் ஆகியவை போதும். தவறான போதனை நம் வீட்டு வாசற்படியைத் தாண்டாது என்பது நம் நினைப்பு. அந்நினைப்பு பிழையென்று நமக்கு உணர்த்தியது மறையுரை அன்று. நம் தங்கையின் காற்புண்.

தங்கைக்குச் சர்க்கரை நோய். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டு வந்தவள், அயல்வீட்டார் அழைக்க, ஒரு செபக்கூட்டத்துக்குச் செல்லத் தொடங்கினாள். முதலில் நாமும் மகிழ்ந்தோம். விவிலியத்தைத் தொடாதவள் நாள்தோறும் அதைத் திறந்தாள். வாய்விட்டுச் செபிக்கக் கூசியவளுக்குக் கூச்சம் அகன்றது. அங்கே போதித்தவர் நாவன்மை மிக்கவர். ஆண்டவர் நம் நோய்களை எல்லாம் சுமந்துவிட்டார் என்றால், அதை நம்புகிறவனுக்கு மருந்து எதற்கு என்று அவர் கேட்டாராம். மாத்திரையை எடுக்கும் கை அவநம்பிக்கையின் கை என்றாராம். மூதாதையரின் பாவமே தலைமுறை தலைமுறையாக நோயாய்த் தொடர்கிறது என்றும் சொன்னாராம். தங்கை மாத்திரையை நிறுத்திவிட்டாள். நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சர்க்கரை நோய் நாளடைவில் பாதத்தின் உணர்வைக் கவர்ந்துவிடும். செருப்புக் கடித்தாலும் வலிக்காது. புண் வந்தாலும் எளிதில் ஆறாது. நாம் அவள் காலைக் கண்டபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. மருத்துவமனையில் அவ்விரண்டையும் அகற்றிக் காலைக் காப்பாற்றினார்கள்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் மாலை, அவள் கட்டிலருகே அமர்ந்திருந்தோம். நெடுநேரம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவள், "அண்ணா, மத்தவங்க எல்லாரும் குணமாச்சுன்னு சாட்சி சொன்னாங்க. எனக்கு மட்டும் விசுவாசம் பத்தலையா? இல்ல, நம்ம தாத்தா காலத்துப் பாவமா?" என்று கேட்டாள்.

அக்கேள்வி, விரல்கள் போனதைவிட நம்மைச் சுட்டது. பல ஆண்டுகள் பங்கில் மறைக்கல்வி கற்பித்தவர் நாம். கட்டளைகள் எத்தனை, அருள்சாதனங்கள் எத்தனை என்று நம்மிடம் பயின்ற பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஆயினும் அன்று நம் வாயில் வந்தது, "அப்படியெல்லாம் நினைக்காதேம்மா" என்பது மட்டுமே. அது ஆறுதல், விடை அன்று. அந்தப் போதகரைப் பழிக்க நா துடித்தது. ஆனால் அவர் அவளுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தார். நாம் எதையும் கொடுக்கவில்லை என்ற எண்ணம் நம் வாயை அடைத்தது. பசித்தவள் கிடைத்ததை உண்டாள்.

அன்றிரவு விவிலியத்தை எடுத்தோம். பெரேயா நகரத்து யூதர்கள், பவுல் சொன்னதையே அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அது உண்மைதானா என்று நாள்தோறும் மறைநூலை ஆராய்ந்தார்கள் எனத் திருத்தூதர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. அதற்காக அவர்களைப் பாராட்டவும் செய்கிறது. திருத்தூதர் பேச்சையே சோதித்துப் பார்த்தது குற்றம் ஆகவில்லை என்றால், நாம் கேட்கும் பேச்சைச் சோதிப்பதில் தவறென்ன?

தேடத் தேட, பல முறை கேட்டும் கருத்தில் கொள்ளாத இடங்கள் கண்ணில் பட்டன. தம் உடலில் தைத்த முள் நீங்க வேண்டுமெனப் பவுல் மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அருள் கிடைத்தது. அடிக்கடி நோயுற்ற திமொத்தேயுவுக்கு, வயிற்றின் பொருட்டுச் சிறிது திராட்சை மது அருந்தும்படி அவர் எழுதினார். உடன் உழைத்த துரோப்பிமை, நோயுற்றவராகவே மிலேத்து நகரில் விட்டுவந்தார். இவர்களில் எவரையும் விசுவாசம் குன்றியவர் என்று அவர் சொல்லவில்லை. கொலோசையருக்கு எழுதும்போது, தம்முடன் இருந்த லூக்காவை அன்புக்குரிய மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமல்ல என்று ஆண்டவரே மறுத்தார். தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்பதே எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரத்தின் பொருளும்.

இன்னும் ஒன்று நம்மை வியக்கவைத்தது. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்கிறது. நோயுற்றவன் செபிக்கட்டும், மருத்துவருக்கும் இடம் தரட்டும் என்று இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறது. இந்நூல் நம் கத்தோலிக்க விவிலியத்தில் இணைத்திருமுறை நூல்களுள் ஒன்று. இத்தனை ஆண்டுகள் அது நம் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

திருச்சபையின் போதனையும் இதுவே. அதன் மறைக்கல்வி நூல் 1992இல் வெளிவந்தது. எத்துணை உருக்கமான மன்றாட்டும் எப்போதும் உடல்நலத்தைப் பெற்றுத் தருவதில்லை என்று அது, பவுலையே சான்றாகக் காட்டி, விளக்குகிறது. குணமளிக்கும் மன்றாட்டுகள் பற்றி 2000ஆம் ஆண்டில் உரோமை வெளியிட்ட அறிவுரை, செபம் மருத்துவத்தை விலக்குவதில்லை, அதை நாடவே ஊக்குகிறது என்கிறது. மருத்துவரான மேரி குளோரி 1920இல் ஆஸ்திரேலியாவிலிருந்து குண்டூருக்கு வந்து, அருள்சகோதரியாக நோயாளர்க்குத் தொண்டாற்றினார். 1943இல் இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கத்துக்கு வித்திட்டார். செபிக்க முழங்காலிட்ட அவர், நாடி பார்க்கவும் தவறவில்லை. நோயாளரின் பாதுகாவலராகிய புனித கமில்லஸோ, ஆறாத காற்புண்ணை வாழ்நாளெல்லாம் சுமந்துகொண்டே பிறர் புண்ணைக் கழுவினார். அவர் 1614இல் இறந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வர்?

இவற்றையெல்லாம் எண்ணியபோது ஓர் உண்மை தெளிந்தது. தவறான போதனை பெரும்பாலும் நம் விசுவாசத்தை மறுத்துக்கொண்டு வருவதில்லை. நம் சொற்களையே பேசிக்கொண்டு வருகிறது. ஆண்டவர் குணமளிக்கிறார் என்பது மெய், நாமும் நம்புகிறோம். அந்த மெய்யில் ஒன்றை மட்டும் பிடுங்கி, மற்றவற்றினின்று பிரித்து, எல்லை கடந்து நீட்டும்போது அது பொய்யாகிறது. அதன் கனியும் அதைக் காட்டிக்கொடுக்கும். குணமானால் போதகரின் வல்லமை, குணமாகாவிடில் நோயாளியின் குறை என்றால், நொந்தவர் தலையிலேயே சுமையை ஏற்றும் அப்போதனை நல்ல ஆயருடையதாய் இருக்க முடியாது.

லெரின் தீவின் துறவி வின்சென்ட், ஏறத்தாழ 434ஆம் ஆண்டில், தவறான போதனைகளை இனங்காணும் வழிபற்றி ஒரு நூல் எழுதினார். எங்கும், எப்போதும், எல்லாராலும் நம்பப்பட்டதைப் பற்றிக்கொள் என்ற அவரது நெறி பலரும் அறிந்ததே. அவரே, விசுவாசத்தில் வளர்ச்சி உண்டா என்று கேட்டு, மிகுதியாக உண்டு என்றும் விடை சொல்கிறார். குழந்தை வளர்ந்து பெரியவனாகிறான். உறுப்புகள் பெருக்கின்றன, ஆனால் அவை அதே உறுப்புகள். புதிதாய் ஓர் உறுப்பு முளைத்தாலோ, உள்ள ஓர் உறுப்பு உதிர்ந்தாலோ அது வளர்ச்சி அன்று, உருக்கேடு என்பது அவர் கருத்து. இதைப் படித்தபோது நம் தவறு விளங்கிற்று. உருக்கேட்டுக்கு அஞ்சி, நாம் வளர்ச்சியையே நிறுத்தியிருந்தோம். முதல் நற்கருணை வாங்கிய வயதிலேயே நம் விசுவாசம் நின்றுவிட்டது. அலையில் அலைக்கழியும் குழந்தைகளாய் இராதீர்கள் என்று எபேசியருக்குப் பவுல் எழுதியது நமக்கும்தான்.

மறுவாரம் தங்கையிடம் இவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினோம். திமொத்தேயுவின் வயிற்றுநோயைக் கேட்டுச் சிரித்தாள். பார்வையற்ற மனிதனைப் பற்றிக் கேட்டபோது அழுதாள். பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் வழங்கினார். நம் பாட்டியின் காலத்தில் அதற்கு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். சாகுங்காலத்தில் மட்டுமே தருவது என்று மக்கள் அஞ்சுவார்கள். அது இறப்போருக்கு மட்டுமன்று, கடும் நோயுற்றோர் யாவருக்கும் உரியது என்பதையும் அவளுக்கு நாம் அதுவரை சொல்லித்தந்ததில்லை.

அவள் இன்றும் செபக்கூட்டத்துக்குச் செல்கிறாள். ஆனால் நம் பங்கின் கூட்டத்துக்கு. அவளோடு சேர்ந்து செபிப்போரை நாம் குறைவாய் எண்ணுவதில்லை. அவர்களின் ஆர்வத்தில் பாதியேனும் நமக்கு இருந்திருந்தால், அவள் வேறிடம் தேடியிருக்கமாட்டாள். நம் அன்பியத்திலும் ஞாயிறு மாலை ஒரு மணிநேரம் விவிலியத்தைத் திறந்து, கேட்டவற்றைச் சோதித்துப் பார்க்கிறோம். கைப்பேசி வழியே நாள்தோறும் பத்துப் போதகர்கள் வீட்டுக்குள் வரும் இக்காலத்தில், வாசற்கதவைப் பூட்டிப் பயனில்லை.

வாசக அன்பரே, உம் வீட்டிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கக்கூடும். அதைக் கட்டிலில் கிடந்து கேட்கும் நாள்வரை காத்திராமல், இன்றே கேட்கவிடுங்கள். விடை தெரியாவிடில் சேர்ந்து தேடுங்கள். நம் தங்கை காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துச் சிலுவை அடையாளம் வரைகிறாள். பிறகு தண்ணீரோடு விழுங்குகிறாள். முன்பெல்லாம் நாம் நடத்திய மறைக்கல்வி வகுப்புகளைவிட, அச்சிறு செயலில் கற்றுக்கொள்ள மிகுதி உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது.