அன்று நான் காட்டியது சனி அல்ல

2023 டிசம்பர் கடைசி வாரத்தில், வடசென்னை டோல்கேட்டில் ஒரு மொட்டை மாடியில், தெருவே கூடியிருந்தபோது, ஒரு நட்சத்திரத்தைக் காட்டிச் சனிக்கிரகம் என்று சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னேன். அதற்கு முன்பே அவர்கள் நம்பிக் கொடுத்த பணத்தைத் தப்பாகச் செலவழித்திருந்தேன். அந்தத் தப்பை மூடத்தான் இந்தப் பொய். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

தொலைநோக்கி என் தம்பியுடையது. செலஸ்ட்ரான் நெக்ஸ்டார் 130 எஸ்.எல்.டி. சிங்கப்பூரில் வாங்கியவன், ஊருக்கு வந்தபோது என்னிடம் விட்டுப்போனான். 130 மில்லிமீட்டர் ஆடி, 650 மில்லிமீட்டர் குவியத் தொலைவு. உள்ளே சிறு கணினி உண்டு. தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்து, வானில் பிரகாசமான மூன்று புள்ளிகளை அதற்குக் காட்ட வேண்டும். அதன்பின் எதன் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் மோட்டார் தானாகவே அங்கே திருப்பும். கூடவே கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ்கள் இரண்டு, 25 மி.மீ., 9 மி.மீ. என. ஒன்று 26 மடங்கு காட்டும், மற்றது 72 மடங்கு. 72 மடங்கில் சனியின் வளையம் நன்றாகத் தெரியும். எதையும் புதிதாக வாங்காமலே சனியைக் காட்டியிருக்கலாம். கருவியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நான் சாயங்காலங்களில் டியூஷன் எடுப்பவன். பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டினேன். அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். பெற்றோர் மேலே வந்து பார்த்தார்கள். "இதுக்கு இன்னும் இன்னா வேணுமோ வாங்கிக்கோ சார், நாங்க தர்றோம்" என்றார்கள். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கும் அக்கா கொடுத்தார். ஹார்பர் வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும் டிரெய்லர் டிரைவர் கொடுத்தார். விம்கோ தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் கொடுத்தார். 11,000 ரூபாய் சேர்ந்தது. யாரும் கணக்குக் கேட்கவில்லை. படித்தவன் என்று நம்பினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் இருந்தான். பாலிடெக்னிக் படித்துக்கொண்டே டி.எச். ரோட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி கடையில் வேலை செய்தான். கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எதுல சார் ஓடுது?" என்று கேட்டான். எட்டு பென்சில் பேட்டரி என்றேன். "மோட்டார் இழுக்குற இழுப்புக்கு அது தாங்காது சார். மொதல்ல கரன்ட்டுக்கு வழி பாருங்க. யூ.பி.எஸ்.ல வர்ற 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி ஒண்ணு போதும். நானே ஒயர் போட்டுத் தர்றேன்" என்றான். விலை அப்போது ஆயிரத்துச் சொச்சம்.

அவன் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அடிக்கடி பேட்டரி தீர்ந்து நான் திண்டாடியிருக்கிறேன். ஆனாலும், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா" என்றேன். பத்துப் பேர் முன்னால் ஒரு கடைப் பையன் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்ற எண்ணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் வாங்கியது ஓர் அலுமினியப் பெட்டி. திறந்தால் கறுப்புப் பஞ்சுக்குள் பிளோசல் என்ற வகையில் ஐந்து ஐபீஸ்கள், உருவத்தை இரட்டிப்பாக்கும் ஒரு பார்லோ வில்லை, சிவப்பும் பச்சையும் நீலமுமாக வண்ண வடிகட்டிகள். மீதிப் பணத்தில், நகர வெளிச்சத்தை வெட்டும் என்று சொல்லி விற்கப்படும் வடிகட்டி ஒன்று. பெட்டியைத் திறந்து காட்டியபோது எல்லோரும் வாய் பிளந்தார்கள். அதற்காகத்தான் வாங்கினேன்.

அந்தப் பெட்டியால் என்ன பயன் என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். 4 மி.மீ. ஐபீஸோடு பார்லோவையும் சேர்த்தால் 325 மடங்கு. 130 மி.மீ. ஆடி தாங்குவது, காற்று அசையாத இரவில்கூட, 260 வரைதான். அதற்கு மேல் மங்கல்தான் பெரிதாகும். வெளிச்ச வடிகட்டி பழைய சோடியம், பாதரச விளக்குகளுக்கு ஏற்றது. எங்கள் தெருவில் எரிவது வெள்ளை எல்.இ.டி. அது எல்லா நிறத்திலும் பரவும் ஒளி, வடிகட்டிக்கு அகப்படாது. சனிக்கும் வியாழனுக்கும் அந்த வடிகட்டி தேவையே இல்லை. கிரகங்களை நகர வெளிச்சம் மறைப்பதில்லை.

அந்த டிசம்பர் எங்கள் பக்கத்து மக்களுக்கு நல்ல மாதமாக இல்லை. மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து வலைகளும் படகுகளும் நாசமாயின. 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படிப்பட்ட வாரத்திலும் சனியின் வளையத்தைப் பார்க்கலாம் என்று நான் சொன்னதை நம்பி மாடி ஏறி வந்தார்கள்.

ஏறி வந்தவர்களை நிற்கவைத்துப் பிரசங்கம் செய்தேன். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வு நிலையத்தில் உதவியாளராக இருந்த ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்த கதை. 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடந்ததற்கு முன்னால், சாதாரண ஜனங்களுக்கும் புரியட்டும் என்று அவர் நூல் எழுதிய கதை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டு பேட்டரியும் என் பேச்சில் கரைந்தன.

சனி உண்மையில் கிடைத்தது. முதலில் பார்த்தவன் நான். நெடுநேரம் பார்த்தவனும் நான்தான். பிறகு 9 மி.மீ. ஐபீஸைக் கழற்றிப் புதுப் பெட்டியிலிருந்து 4 மி.மீ. ஐபீஸை மாட்டினேன். காட்டவேண்டியது சனியை. நான் காட்ட விரும்பியது பெட்டியை. மரியாதைக்கு விம்கோ பெரியவரை முதலில் அழைத்தேன். கண் ஆபரேஷன் செய்து தடித்த கண்ணாடி போட்டவர். பிளோசல் வகையில் ஐபீஸ் சிறுக்கச் சிறுக்கக் கண்ணை ஒட்டி வைக்க வேண்டும். 4 மி.மீ. ஐபீஸில் இடைவெளி 3 மி.மீ. அளவுதான். கண்ணாடி போட்டவருக்கு 15 மி.மீ.யாவது வேண்டும். அவருக்கு எதுவும் தெரியவில்லை. "ஒரே வெளிச்சமா கீதுப்பா" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, "உங்க கண்ணுலதான் ஏதோ கோளாறு பெரியவரே, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

அவர் குனிந்து நிமிர்ந்ததில் சனி வட்டத்தைவிட்டு நகர்ந்துவிட்டது. திரும்பப் பிடிக்க வேகமாகத் திருப்பினேன். பேட்டரி தாங்கவில்லை. கணினி அணைந்து மறுபடி உயிர்பெற்றது. எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தது. மறுபடி மூன்று புள்ளிகளைத் தேடுவதற்குள் சனி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. இந்தக் கருவியை மோட்டார் இல்லாமல் கையால் திருப்ப முடியாது. வியாழன் தலைக்கு மேலே இருந்தது, ஆனால் அவ்வளவு தூரம் திருப்ப மிச்சமிருந்த பேட்டரி போதாது. உள்ளதைச் சொல்லி, "பேட்டரி போச்சு, நாளைக்கு வாங்க" என்றிருக்கலாம். பேட்டரிக்காரப் பையன் எதிரில் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னால் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

தென்மேற்கில் ஃபோமல்ஹாட் நட்சத்திரம் தெரிந்தது. மிச்சமிருந்த பேட்டரியில் மோட்டாரை மெதுவாக ஓட்டி அதைப் பிடித்தேன். குவியம் சரியாக இல்லை. அப்படி விலகினால் நட்சத்திரம் ஒளித்தட்டாக விரியும். குழாயின் வாயருகே இருக்கும் துணை ஆடியின் நிழல் நடுவில் கருவட்டமாக விழும். ஏழாவது படிக்கும் ஒரு பெண் பார்த்துவிட்டு, "மெதுவடை மாதிரி நடுவுல ஓட்டை கீது சார்!" என்றாள். "அதாம்மா வளையம்" என்றேன். அதற்குப் பிறகு குவியத்தை நான் சரிசெய்யவில்லை. வரிசை முழுவதும் அதைப் பார்த்தது. மீன்கார அக்கா ஐபீஸுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையன் கடைசியாகப் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினான். அப்புறம் என் மாடிக்கு வரவே இல்லை.

அந்தப் பெண் தான் பார்த்ததைப் பள்ளி நோட்டில் வரைந்தாள். சனி அப்படி இருக்காது என்று டீச்சர் சொன்னார். "நான் கண்ணால பாத்தேன்" என்று இவள் அடம் பிடித்தாள். வகுப்பு சிரித்தது. என்னிடம் வந்து, "நான் பாத்தது சனிதானே சார்?" என்று கேட்டாள். "ஆமாம்மா, அவங்களுக்குத் தெரியாது" என்றேன். முதல் பொய்யைப் பதற்றத்தில் சொன்னேன் என்று நீங்கள் ஒருவேளை மன்னிக்கலாம். இதற்கு அப்படி எந்தச் சாக்கும் இல்லை. பகல் வெளிச்சத்தில், நிதானமாக, ஒரு குழந்தையிடம் சொன்னேன்.

பெரியவர் ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று பயந்து கண் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார்கள். அலைச்சலும் செலவும் அவருக்கு.

அந்தக் காசில் என்ன வாங்கியிருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் அந்த 12 வோல்ட் பேட்டரி, ஃபியூஸோடு, பின்னின் நடுமுனை பாசிட்டிவாக இருக்கும்படி இணைத்து. மாடிப்படியில் தூக்கிப் போகும்போது ஆடி கோணும், அதைச் சரிபார்க்க நடுவில் துளையிட்ட ஒரு மூடி. கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கத் தோதான நல்ல ஐபீஸ் ஒன்றே ஒன்று. தெருவிளக்கை மறைக்கக் குழாயின் வாயில் சுற்றக் கறுப்பு ஃபோம் ஷீட். வயசானவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். இவற்றில் எதுவும் பார்க்க அழகாக இருக்காது. எல்லாம் வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு உதவும்.

2025 மார்ச் 23 அன்று பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. அந்த ஆண்டு முழுவதும் வளையம் மெல்லிய கோடுதான். ஒழுங்கான பேட்டரி வாங்கி அந்தப் பெண்ணுக்குக் காட்டியபோது அவள் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். "அப்ப டீச்சர் சொன்னதுதான் கரெக்ட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. இப்போது நான் எது சொன்னாலும் புத்தகத்தில் பார்த்துக்கொள்கிறாள். வளையம் மறுபடி முழு அகலத்தில் விரிய 2032 ஆகும். அதற்குள் அவள் வளர்ந்து எங்கே இருப்பாளோ.

பெட்டியை விற்றுவிட்டேன். குறைந்ததற்கு என் கைக்காசைச் சேர்த்து, கொடுத்தவர்களிடம் காரணம் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மீன்கார அக்கா வாங்க மறுத்தார். பேட்டரிப் பையனின் கடைக்குப் போனேன். "விடுங்க சார்" என்றான். ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

பெரியவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. மகள் வீட்டோடு மீஞ்சூருக்குப் போய்விட்டார். அவர் பங்குப் பணம் என் மேசையில் கவரில் கிடக்கிறது. மீஞ்சூர் ஒன்றும் தூரமில்லை. பார்வையே போய்விட்டதோ என்று அந்த மனிதரை அலையவிட்ட நான், அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டிருக்கிறேன்.