எஃப்.சி. ஒரு நாள், பிரேக் தினமும்

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏபிஎஸ் என்று ஒரு மஞ்சள் லைட் எரியும். வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைந்துவிடும். கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சின்ன லைட்டில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது.

அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் வழுக்கும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் போக்கில்தான் போகும். இதைத் தடுப்பதுதான் ஏபிஎஸ். சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். பூட்டப்போகிறது என்று தெரிந்தால் பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். அவ்வளவுதான்!

கனரக லாரி, பஸ்களில் 2015 அக்டோபர் முதலும், கார்களிலும் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளிலும் 2019 ஏப்ரல் முதலும் இது கட்டாயம்.

சரி, இதில் ராமநாதபுரத்துக்கு என்ன தனி சிக்கல்? உப்புதான். 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்துவிட்டது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். இரும்புப் பாலத்துக்கே இந்தக் கதி என்றால், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சாரும் பல்வளையமும் எம்மாத்திரம்? அங்கே துரு ஏறினால் சிக்னல் தப்பாகப் போகும், லைட் அணையாமல் எரியும்.

பக்கத்திலேயே இருக்கும் ரோடு பாலத்தில் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீர். தனுஷ்கோடி ரோட்டில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணல். ஏபிஎஸ் கெட்டுப்போவதும் இங்கேதான், அதிகம் தேவைப்படுவதும் இங்கேதான்!

சென்சார் மாற்றினால் செலவு. லைட்டைக் கழற்றிவிட்டால் செலவே இல்லை. சாதாரண பிரேக் எப்போதும்போல் பிடிப்பதால் டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. வழுக்கும் அந்த ஒரு நாள் வரை.

எஃப்.சி.யில் பிடிக்க மாட்டார்களா? லாரி, பஸ், டாக்ஸிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. ஆனால் சொந்தக் காருக்கு 15 வருஷம் கழித்துத்தான் பரிசோதனை. 2019ல் ராமேஸ்வரத்தில் வாங்கிய காரை 2034ல்தான் அதிகாரி பார்ப்பார்! இங்கிலாந்தில் மூன்று வயதான காருக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. சோதனை. ஏபிஎஸ் லைட் கோளாறு காட்டினாலே அங்கே ஃபெயில்.

எஃப்.சி. இருந்தால் மட்டும் போதுமா? 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்து எஃப்.சி. வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. கண்ணுக்குத் தெரியும் ஓட்டையே தப்பியது என்றால், கண்ணுக்குத் தெரியாத சென்சார்?

மெஷின் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். மெஷினில் சக்கரத்தை உருளைமேல் மெதுவாகச் சுற்றவிட்டு பிரேக்கை அளப்பார்கள். அந்த வேகத்தில் ஏபிஎஸ் வேலையே செய்யாது. கடைசியில் அந்த லைட்டைத்தான் பார்க்க வேண்டும். அணைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, முதலில் எரிந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரியும், பேலன்ஸ் ஷீட் என்பது மார்ச் 31 அன்றைய நிலை மட்டும்தான். எஃப்.சி.யும் அப்படித்தான். மீதி 364 நாளும் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

நாளைக்கு சாவியைத் திருப்பும்போது ஒரு நொடி மீட்டரைப் பாருங்கள். லைட் அணையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். எரியவே இல்லை என்றால்... இன்னும் சீக்கிரம் போங்கள்.