காலி இடம் நூறு விழுக்காடு

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் வாயிலாக வந்த தொடக்ககாலக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தன: ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மற்றது சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கயத்தாற்றில் எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் இரண்டாவதை எட்டிப் பார்த்ததே இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்பதே அதைப் பற்றிய பேச்சு.

எங்கள் அக்காள் மகளுக்கும் அப்படியொரு கணினி கிடைத்தது. படிப்பு முடிந்து அவள் வெளியூர் போனபின் அது எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றுபோனதால் இணையத்தோடு அதை இணைப்பதில்லை. குடும்பப் படங்களைச் சேமிக்கும் பெட்டியாகவே வைத்திருக்கிறோம். அண்மையில் அதுவும் நிரம்பிவிட்டது. லினக்ஸை நீக்கி இடத்தை மீட்கலாம் என்று சகோதரர்கள் நாங்கள் இருவரும் முடிவுசெய்தோம்.

விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பக்கத்தைத் திறந்தால், லினக்ஸ் பிரிவு பெயரோ எழுத்தோ இன்றி நிற்கிறது. அதன் எதிரே 'காலி இடம் 100 விழுக்காடு' என்ற குறிப்பு. அந்தக் கோப்பு முறையை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாததைக் காலி என்று காட்டுகிறது.

கணினிக்கு உரியவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தொலைபேசியில் அழைத்தோம்.

"மாமா, ஆச்சி சொன்ன சொலவடையெல்லாம் அதுலதான் கெடக்கு. எடுத்து வச்சுட்டு அழிங்க" என்றாள்.

தமிழில் தட்டச்சுச் செய்ய அவளுக்கு அந்தப் பக்கமே வசதியாக இருந்ததாம். விடுமுறை நாள்களில் எங்கள் அம்மா சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறாள். லினக்ஸில் நுழைந்து பார்த்தோம். இருநூற்றுக்கும் மேற்பட்ட சொலவடைகள்; சிலவற்றின் கீழே, எந்தச் சமயத்தில் யாரைப் பார்த்துச் சொல்வது என்ற விளக்கம். அம்மா மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் பாதியை நாங்களே கேட்டதில்லை.

கோப்புகளை இரண்டு பென்டிரைவ்களில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று விண்டோஸிலும் பார்த்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கினோம். இதிலும் வரிசை முக்கியம். கணினி திறக்கும்போது பட்டியல் காட்டும் கிரப் என்ற நிரலின் பெரும்பகுதி லினக்ஸ் பிரிவுக்குள் இருக்கிறது. பிரிவை முதலில் அழித்தால் விண்டோஸுக்குள்ளும் போக முடியாது. எனவே விண்டோஸ் சீர்செய் குறுந்தகட்டிலிருந்து கணினியைத் தொடக்கி, 'பூட்ரெக்' கட்டளையால் வட்டின் தலைப்பகுதியை விண்டோஸுக்கே திருப்பினோம். அதன்பின் லினக்ஸ் பிரிவையும் அதற்குத் துணையான ஸ்வாப் பிரிவையும் நீக்கினோம். விடுபட்ட இடம் வலப்புறத்தில் ஒட்டியே இருந்ததால் பக்கத்துப் பிரிவோடு சேர்க்க முடிந்தது. ஏறத்தாழ 30 ஜிபி மீண்டது. இது பழைய கணினிகளுக்கான முறை. யுஇஎஃப்ஐ வந்தபின் தொடக்கப் பதிவுகள் வேறோரிடத்தில் உள்ளன.

பிரிவை நீக்கும்போது உண்மையில் அழிவது மிகச் சிறிது. வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் 64 பைட்டு அட்டவணை ஒன்று உண்டு. ஒரு பிரிவுக்கு 16 பைட்டு. அந்தப் பதிவு போய்விடும். எழுதியவை, மேலே புதிதாக எழுதும்வரை அடியிலேயே கிடக்கும்.

எங்கள் பக்கத்து மனிதருக்கு இதை விளக்க எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16இல். ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801இல் கும்பினியார் தரைமட்டமாக்கினர். ஆனாலும் அடித்தளச் சுவர்களை இன்றும் அங்கே காணலாம்.

வட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. நாலு கலியாணப் படங்களை ஏற்றினால் அடித்தளமும் போய்விடும். உங்கள் வீட்டிலும் பழைய அரசு மடிக்கணினி இருக்கலாம். இடத்தை மீட்குமுன் அந்த இரண்டாம் வாசலை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் எழுதியவர்களையும் கேட்டுவிடுங்கள்.